ஒரு வாரத்தில் ஒரு வீடு: பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' பற்றி ஒரு விசாரணை

நான் கட்டட வேலையில் இருப்பவன். ஒரு சுவரில் விரிசல் விழுந்தால் அது எங்கே ஆரம்பித்தது, எதனால், யார் பொறுப்பு என்று எழுதித் தருவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அப்படிப்பட்ட ஆளிடம் போய், கல்யாணமான ஜோடி ஒன்று பெட்டியில் வந்த வீட்டைப் பாகம் பாகமாகப் பொருத்தி முடிக்கப் படாதபாடு படும் ஊமைப்படத்தைக் காட்டினார்கள். முதல் தடவை வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போது கை தானாக நோட்டையும் பேனாவையும் தேடியது. நாலாம் தடவைக்குப் பிறகு எழுதியது இது.

படத்தின் பெயர் 'ஒன் வீக்'. 1920 செப்டம்பர் 1-ல் அமெரிக்காவில் வெளியானது. இரண்டு ரீல் படம். அந்தக் காலத்தில் ஒரு ரீல் என்றால் ஏறக்குறைய ஆயிரம் அடி ஃபிலிம். ஊமைப்படக் காலத்தில் ஓட்டும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் இன்றைக்கு இணையத்தில் கிடைக்கும் ஒரு பிரதி 19 நிமிடம் ஓடுகிறது, இன்னொன்று 25 நிமிடம் ஓடுகிறது. இரண்டிலும் அதே படம்தான். ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனும் எடி க்ளைனும் சேர்ந்து எழுதி இயக்கினார்கள். மாப்பிள்ளையாகக் கீட்டன், பெண்ணாக சிபில் சீலி. 2008-ல், காப்பாற்றி வைக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள்.

நடந்தது என்ன

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கிறது. மாமா ஒருவர் சீர் கொடுக்கிறார்: ஒரு மனை, அதில் கட்ட ஒரு வீடு. மனை எண் 99. வீடு பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. பெட்டிகளில் எண் போட்டிருக்கிறது. கூடவே ஒரு குறிப்புத்தாள்: எண் வரிசைப்படி பொருத்திக்கொண்டே போனால் வீடு தயார்.

பெண்ணை விரும்பி ஏமாந்துபோன ஹாங்க் என்ற ஆள் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வருகிறான். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெயின்ட் டப்பாவோடு வந்து 1-ஐ 4 ஆக்குகிறான், 3-ஐ 8 ஆக்குகிறான். போய்விடுகிறான். மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. தாளைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, வரிசை தவறாமல் பொருத்துகிறான். எழும்பி நிற்பது வீடு மாதிரியும் இருக்கிறது, வீட்டை யாரோ கசக்கி எறிந்தது மாதிரியும் இருக்கிறது. ஜன்னல்கள் கோணலாக, கூரை பொருந்தாமல், மேல்மாடியில் எங்கேயும் போகாத ஒரு கதவு.

வெள்ளிக்கிழமை 13-ம் தேதி கிரகப்பிரவேசம். நம் ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் ஐயர் உடனே தலையாட்டுவார். அங்கே வெள்ளியும் பதின்மூன்றும் ஒரே நாளில் வந்தால் அதைவிட விளங்காத நாள் கிடையாது. விருந்தாளிகள் வந்து சேரும் நேரம் பார்த்துப் புயல் வருகிறது. கூரை ஒழுகுகிறது, மாப்பிள்ளை வீட்டுக்குள்ளேயே குடை பிடிக்கிறான். அப்புறம் காற்று ஏறி, முழு வீடும் ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பிக்கிறது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து விழுகிறார்கள்.

புயல் அடங்கிய பிறகு வருகிறது அடுத்த சேதி. வீட்டைக் கட்டியிருப்பது தப்பான மனையில். அங்கே நட்டிருந்த 99 என்ற பலகை தலைகீழாக நின்றிருந்தது. நேராகத் திருப்பினால் அது 66. அவர்களுடைய மனை ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சரி, வீட்டையே நகர்த்திவிடலாம் என்று அடியில் பீப்பாய்களை உருட்டிவிட்டு, காரில் கட்டி இழுக்கிறார்கள். தண்டவாளத்தின் நட்ட நடுவில் வீடு மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது.

மீதியைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியில் வீடு என்பது கற்பனை இல்லை

இன்றைக்குப் பார்க்கிறவர்கள் பெட்டியில் வந்த வீட்டை கீட்டன் கண்டுபிடித்த கோமாளித்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1920-ல் அது சர்வசாதாரணம். மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் அலாடின் என்ற கம்பெனி 1906 முதல் இந்த வியாபாரத்தில் இருந்தது. தாங்கள் அனுப்பும் பலகையில் ஒரு முடிச்சு இருந்தால் முடிச்சுக்கு ஒரு டாலர் தருகிறோம் என்று விளம்பரம் செய்த கம்பெனி. சியர்ஸ் ரோபக் என்ற கம்பெனி 1908-ல் தபால் கேட்டலாக்கில் வீடு விற்கத் தொடங்கி 1940 வரை விற்றது. மொத்தம் எழுபதாயிரம் வீடுகள் அளவுக்கு விற்றிருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கேட்டலாக்கில் படம் பார்த்து, பணம் அனுப்பினால், ரயில் பெட்டியில் மரம், ஆணி, பெயின்ட், கதவு, கூரை ஓடு எல்லாம் வந்து இறங்கும். அளவுப்படி அறுத்த மரங்களில் அடையாளக் குறி போட்டிருக்கும். சொந்தக் கையால் கட்டிக்கொள்ளலாம், அல்லது உள்ளூர் தச்சரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அதாவது, வீடு கட்டுவதில் ஆசாரியின் கண்ணுக்கும் கைக்கும் இருந்த இடத்தை எண்ணுக்குக் கொடுத்த காலம் அது. எண் சரியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம் என்பதுதான் விற்பனைப் பேச்சே.

1919-ல் ஃபோர்டு கம்பெனி 'ஹோம் மேட்' என்று ஒரு படம் எடுத்தது. பொருத்திக் கட்டும் வீடுகளைப் பிரபலப்படுத்த எடுத்த படம். அதில் ஒரு கல்யாணம் உண்டு, ஃபோர்டின் மாடல் டி கார் உண்டு, வீடு எழும்புவதைக் காட்டத் தினசரிக் காலண்டரின் தாள் ஒவ்வொன்றாகக் கிழிவதும் உண்டு. கீட்டன் இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த விளம்பரப் படத்தை நேராக நிறுத்திவைத்து, ஒரே ஒரு ஆணியை மட்டும் உருவிவிட்டது மாதிரி.

கீட்டன் அப்போது எங்கே நின்றார்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895-ல் கான்சஸில் பிறந்தவர். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து அப்பா அம்மாவோடு நாடகமேடையில், பெரும்பாலும் அப்பா தூக்கி எறியும் பொருளாக. 1917-ல், அப்போதைய நகைச்சுவை நட்சத்திரம் ஃபேட்டி ஆர்பக்கிளோடு சினிமாவுக்கு வந்தார். நடுவில் படையில் சேர்ந்து பிரான்ஸ் போய்த் திரும்பினார். 1920-ல் ஆர்பக்கிள் முழுநீளப் படங்களுக்குப் போனதும், தயாரிப்பாளர் ஜோசஃப் ஷெங்க் கீட்டனுக்குத் தனி யூனிட் அமைத்துக் கொடுத்தார். ஒரு காலத்தில் சாப்ளின் படம் எடுத்த ஸ்டூடியோ அவர் கைக்கு வந்தது. முதலில் எடுத்த 'தி ஹை சைன்' அவருக்கே பிடிக்கவில்லை. வெளியிட வேண்டாம் என்று தூக்கி வைத்துவிட்டார். அடுத்த வருஷம் இன்னொரு படத்தின் படப்பிடிப்பில் கணுக்கால் முறிந்து, கையில் படமில்லாமல் போனபோதுதான் அது வெளியே வந்தது. ஆக, உலகம் பார்த்த முதல் 'கீட்டன் படம்' இந்த வீடுதான். அதற்குப் பிறகு 1923 வரை அவர் எடுத்த குறும்படங்கள், இதையும் சேர்த்து, பத்தொன்பது.

முதல் முயற்சியைப் பெட்டியில் பூட்டிவிட்டு இரண்டாவதை முதலாவதாக வெளியிட்டார் பாருங்கள், எண் மாற்றுவதை ஹாங்க் மட்டும் செய்யவில்லை.

முதல் சந்தேகம்: ஹாங்க்

விசாரணை என்றால் முதலில் கண்ணில் படுகிறவனைப் பிடிப்பது வழக்கம். ஹாங்க் குற்றவாளி என்பதில் சந்தேகமே இல்லை, நாமே பார்த்தோம். ஆனால் எந்தக் குற்றத்துக்கு?

அவன் செய்த வேலையின் விளைவு வீட்டின் வடிவம். அந்த வீடு அசிங்கமானது. ஆனால் நின்றது! விருந்தாளிகளை உட்கார வைத்தது. ஒரு பியானோவைத் தாங்கியது. அந்தப் பியானோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜோ ராபர்ட்ஸ் என்ற மலை மாதிரி ஆள் அதை ஒற்றைத் தோளில், ஏதோ சாக்குப் பை மாதிரி, தூக்கிக்கொண்டு வருகிறார். கீட்டன் கையில் கொடுக்கிறார். கீட்டன் அதன் அடியில் காணாமல் போகிறார். அப்புறம் உள்ளே இழுக்க, கூரையில் தொங்கும் விளக்கில் கயிற்றைப் போட்டு மாப்பிள்ளை இழுக்கிறான். பியானோ வரவில்லை, கூரை வருகிறது. மேல்தளத்தின் பலகை ரப்பர் மாதிரி வளைந்து இறங்குகிறது. மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் தரையோடு சேர்ந்து இறங்குகிறான். கயிறு விடுபட்டதும் தளம் மேலே துள்ள, ஆளின் தலை கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போகிறது. ஒரு கட்டட ஆளாகச் சொல்கிறேன்: இவ்வளவு வளைந்து முறியாமல் திரும்பிய தளத்துக்கு நான் சான்றிதழே தருவேன்.

எனவே ஹாங்க் கெடுத்தது அழகை. வீட்டை அவன் அழிக்கவில்லை. கடைசி ஓட்டத்தில், வீட்டை இழுப்பதிலும் ரயிலிலும், அவன் கிடையவே கிடையாது. வழக்கமான கதையில் வில்லனுக்குக் கடைசியில் ஒரு அடியாவது விழும். இந்தப் படம் அவனைப் பாதியிலேயே மறந்துவிடுகிறது. அது கதையில் உள்ள ஓட்டை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அதுதான் இந்தக் கேஸின் துப்பு.

இரண்டாவது: மாப்பிள்ளையின் வேலைத்திறன்

அடுத்த சுலபமான முடிவு, அவன் ஒரு முட்டாள் என்பது. நகைச்சுவை நாயகன் என்றால் மண்டு என்று எடுத்துக்கொள்வோமே. பலகையின் வெளி நுனியில் உட்கார்ந்துகொண்டு அதே பலகையை அறுக்கிறான், விழுகிறான். காளிதாசன் உட்கார்ந்த கிளையை வெட்டிய கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த இடத்தில் தமிழ்ப் பார்வையாளர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் ஒரு தடவை அவன் கைகளை மட்டும் பாருங்கள். ஆணி அடிப்பது, அளப்பது, தூக்கி நிறுத்துவது எல்லாம் வேலை தெரிந்தவனின் அசைவு. தயங்குவதில்லை, மூச்சு வாங்குவதில்லை, சோர்ந்து உட்காருவதில்லை. தரைவிரிப்பு விரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பை இழுத்து நான்கு பக்கமும் ஆணி அடித்து முடிக்கிறான். நடுவில் ஒரு மேடு. கழற்றி வைத்த கோட்டு அடியில் மாட்டிக்கொண்டது. நம்மில் பாதிப் பேர் ஆணியைப் பிடுங்குவோம். அவன் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி, கோட்டை எடுத்து, ஓட்டையின் மேல் ஒரு சின்ன விரிப்பைப் போட்டு மூடுகிறான். இது முட்டாள்தனமா? சைட்டில் இதற்குப் பெயர் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'. எத்தனை வீடுகளில் டைல்ஸுக்கு அடியில் என்னென்ன அட்ஜஸ்ட் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதினால் வேலை போய்விடும்.

அவன் பிசகு வேறு இடத்தில். எழும்பிக்கொண்டிருக்கும் வீட்டை அவன் ஒரு தடவைகூடத் தள்ளி நின்று பார்ப்பதில்லை. பார்க்கும்போதும் தாளைப் பார்க்கிறான். தாளில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றன. அப்புறம் என்ன? சுவர் கோணலாக நின்றால் கோணல்தான் திட்டம் என்று எடுத்துக்கொள்கிறான்.

எனக்கு இதைப் பார்த்துச் சிரிக்க உரிமை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஜன்னல் சட்டங்கள் லாரியில் வந்து இறங்கின. சட்டத்தில் சாக்பீஸால் எண். இரவு மழை. காலையில் 1 எது, 7 எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தெரிந்த மாதிரியே சொன்னேன். இரண்டு மாடிக்குக் குளியலறை ஜன்னல் கூடத்திலும், கூடத்து ஜன்னல் குளியலறையிலும் ஏறியது. பொருத்திய பையன், "சார், பாத்ரூமுக்கு இவ்ளோ பெருசா?" என்று ஒரு தடவை கேட்டான். பிளானில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். நான் பிளானைப் பிரிக்கக்கூட இல்லை.

பெண் இருந்தாள்

ஊமைப்பட நகைச்சுவைகளில் பெண்ணுக்கு வேலை ஓடுவது, அழுவது, கடைசியில் கிடைப்பது. இதில் சிபில் சீலி முழுப் படத்திலும் கூடவே உழைக்கிறார். சமைக்கிறார், தூக்குகிறார், விழுகிறார், கடைசியில் வீட்டைத் தள்ளவும் தோள் கொடுக்கிறார். நடுவில் கிடைத்த நேரத்தில் வெளிச்சுவரில் இதயம் வரைந்துகொண்டிருக்கிறார். வீடு எவ்வளவு கோணலோ அவ்வளவுக்கு இந்த ஜோடி நேராக இருக்கிறது. ஒரு வார்த்தை குற்றம் சொல்லிக்கொள்வதில்லை. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று நம் பெரியவர்கள் சொன்னது இரண்டு தனித்தனிச் சோதனைகள். இவர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதுகிறார்கள். ஒன்றில் முழுத் தோல்வி, இன்னொன்றில் முழு மதிப்பெண்.

அவரை வைத்து ஒரு சின்ன விளையாட்டும் உண்டு. குளியல் தொட்டியில் இருக்கும்போது சோப்பு நழுவி வெளியே விழுகிறது. எட்டி எடுக்க வேண்டும். எழுந்தால் நமக்குத் தெரிந்துவிடும். அவர் நம்மைப் பார்க்கிறார். உடனே ஒரு கை வந்து கேமராவின் கண்ணை மூடுகிறது. கை விலகும்போது சோப்பு அவரிடம். நூறு வருஷத்துக்கு முன்னால், படம் பார்க்கும் நம்மைப் படத்துக்குள் இழுத்து, கண்ணையும் பொத்திவிட்ட அந்தக் கையைத் தாண்டி இன்னும் யாரும் பெரிதாகப் போய்விடவில்லை.

மேல்மாடிக் கதவு

எங்கேயும் போகாத கதவு என்று சொன்னேன் இல்லையா? மாப்பிள்ளை அதைத் திறந்து, ஏதோ அடுத்த அறைக்குப் போகிறவன் போல வெளியே கால் வைக்கிறான். நேராகக் கீழே தரை. வெட்டு கிடையாது, பொம்மை கிடையாது. விழுவது கீட்டன்தான். தரையில் குழி தோண்டி வைக்கோலை நிரப்பி, மேலே புல்தரையை மூடி வைத்திருந்தார்கள். அப்படியும் இரண்டு மாடி உயரம். அன்றைக்கே கையும் முதுகும் வீங்கிவிட்டன. வெந்நீர், ஆலிவ் எண்ணெய், அதற்கு மேல் குதிரைக்குத் தேய்க்கும் மருந்து என்று ஆளை எழுப்பி நிறுத்தினார்கள்.

சுவர் விழும் காட்சியும் இதில் உண்டு. சுவர் சாய்ந்து விழ, ஆள் நிற்கும் இடத்தில் ஜன்னலின் ஓட்டை வந்து உட்காருகிறது. ஆர்பக்கிளோடு 1919-ல் 'பேக் ஸ்டேஜ்' படத்தில் சின்னதாகச் செய்து பார்த்தது. 'ஒன் வீக்' வந்து எட்டு வருஷம் கழித்து, 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் பில், ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முழு முகப்பையே தன் மேல் விழவைத்தாரே, அதற்கு இது நடு மாடி. வெறும் மரச்சட்டமும் துணியுமாக ஆரம்பித்து, உயிரை எடுக்கும் எடைக்கு அவர் எப்படிப் படிப்படியாகப் போனார் என்பதை இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும்.

புயல் காட்சிக்கு முழு வீட்டையும் ஒரு சுழல்மேடையின் மேல் கட்டினார்கள். சுழல்வது நிஜ வீடு, தெறித்து விழுவது நிஜ மனிதர்கள். கேமரா தள்ளி நின்று எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் காட்டுகிறது. மாப்பிள்ளை வெளியே நின்றுகொண்டு, சுற்றிவரும் கதவுக்காகக் காத்திருந்து, கணக்குப் போட்டுப் பாய்கிறான். வீடு அவனை வாங்கிக்கொண்டு மறுபடி துப்புகிறது. கிட்டத்தில் போய் முகத்தைக் காட்டியிருந்தால் இது ஒரு மனிதனின் கஷ்டமாகியிருக்கும். தள்ளி நின்றதால்தான் வீட்டுக்கும் அவனுக்கும் நடக்கிற சண்டையாக இருக்கிறது. கீட்டன் சிரிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்து எந்தப் பக்கம் பாயலாம் என்று கணக்குப் போடும் ஒரு கண் அதில் எப்போதும் இருக்கிறது. கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது அந்தக் கண்ணைப் பார்க்கலாம்.

உண்மையான காரணம்: பலகை

இப்போது ரயிலுக்கு வருவோம்.

வீடு தண்டவாளத்தில் மாட்டியதும் மாப்பிள்ளை செய்வதெல்லாம் சரியானதே. காரின் பின்பகுதியை வீட்டோடு சேர்த்து ஆணி அடிக்கிறான். கார் கிளம்புகிறது; சக்கரங்கள் போய்விடுகின்றன, பின் இருக்கை வீட்டோடு நின்றுவிடுகிறது. தூரத்தில் ரயில். இரண்டு பேரும் தள்ளுகிறார்கள், அசையவில்லை. கைவிட்டு, ஒதுங்கி நின்று, கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் பாய்ந்து வருகிறது, வந்து, வீட்டை உரசாமல் பக்கத்தில் இருக்கும் இன்னொரு தண்டவாளத்தில் போய்விடுகிறது.

கேமராவை வைத்த கோணம்தான் விஷயம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு தண்டவாளங்கள் இருப்பதே கண்ணில் தைக்காது. நாமும் ஏமாந்தோம், அவர்களும் ஏமாந்தார்கள். அப்பாடா என்று அவர்கள் நிமிர்ந்து, நாமும் நாற்காலியில் சாய்ந்து, சிரிப்பு பாதி தொண்டையில் இருக்கும்போது எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்குகிறது. சின்ன மாதிரி செய்து எடுத்ததில்லை. உண்மையான எஞ்சின், உண்மையான வீடு. ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

நான் எத்தனையோ பேருக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் ரயில் தாண்டும்போது எல்லோரும் சத்தமாகச் சிரிப்பார்கள். இரண்டாவது வரும்போது ஒரு கணம் யாரும் சிரிப்பதில்லை. அப்புறம் முன்னைவிடப் பெரிதாகச் சிரிப்பார்கள். அந்த ஒரு கணத்தை அளந்து வைத்தவர் கீட்டன்.

சரி, இங்கே நின்று விசாரணையை முடிக்கலாம். வீடு அழிந்தது ரயிலால். ரயிலுக்கு முன்னால் வீடு நின்றது, அதை நகர்த்தியதால். நகர்த்தியது, தப்பான மனையில் கட்டியதால். தப்பான மனையில் கட்டியது, ஒரு பலகை தலைகீழாக நின்றதால். இந்தச் சங்கிலியில் ஹாங்க் எங்கே? எங்கேயும் இல்லை. அவன் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளின் எண்கள் அப்படியே இருந்திருக்கும். கேட்டலாக் படத்தில் இருப்பது போலவே அழகான ஒரு வீடு எழும்பியிருக்கும், 66-ம் மனையில். வார இறுதியில் அந்த அழகான வீட்டை இதே ரயில் இடித்திருக்கும்.

3-ஐ 8 ஆக்க ஒரு பொறாமைக்காரனும் ஒரு டப்பா பெயின்ட்டும் தேவைப்பட்டன. 66-ஐ 99 ஆக்க யாருமே தேவைப்படவில்லை. யார் நட்டார்கள், ஆணி எப்போது கழன்றது, காற்றில் சுழன்றதா என்று படம் சொல்வதுமில்லை. முதலாவதை நமக்குக் காட்டிவிட்டு, 'இதோ, இதுதான் பிரச்சினை' என்று நம்மை நிம்மதியாக உட்கார வைத்து, இரண்டாவதைக் கண்ணெதிரே ஒளித்து வைத்தார் கீட்டன். ரயிலில் செய்ததும் அதேதான். நாம் பார்த்துக்கொண்டிருந்த ரயில் போய்விட்டது. இடித்தது, நாம் பார்க்காத ரயில். ஹாங்க் முதல் ரயில். பலகை இரண்டாவது. இதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வர நேரமாகிவிட்டது.

பிற்பாடு கீட்டன் இந்த ஜோடியை விட்டுவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1921-ல் 'தி போட்'. மறுபடி சிபில் சீலி மனைவி, இப்போது இரண்டு பையன்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு படகைக் கட்டி முடித்து, அதை வெளியே இழுக்கும்போது வீடே இடிந்து விழுகிறது. அந்த மாப்பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நிஜ வாழ்க்கையில் கீட்டனுக்கும் அதே வருஷம் கல்யாணம், அப்புறம் பெவர்லி ஹில்ஸில் ஒரு மாளிகை, 1932-ல் விவாகரத்து. பழமொழியை அவரும் சோதித்துப் பார்த்தார்.

நான் பேனாவை மூடுவதற்கு முன்னால் கடைசிக் காட்சி. தூசி அடங்கிவிட்டது. தண்டவாளத்தின் மேல் குச்சி குச்சியாக மரம். மாப்பிள்ளை 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டையைக் குவியலில் செருகுகிறான். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இரண்டு அடி போனதும் ஏதோ நினைவு வந்து திரும்புகிறான். பையிலிருந்து வீட்டைப் பொருத்தும் குறிப்புத்தாளை எடுத்து, வாங்குகிறவருக்கு உதவும் என்று அட்டையோடு சேர்த்துவைக்கிறான்.

பெட்டிகளின் எண்ணை மாற்றினார்கள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாளில் இருந்ததெல்லாம் முதலிலிருந்தே சரிதான்.